பொட்டு வெச்ச துப்பாக்கி

என்ன தம்பி சொன்னே, திரும்பச் சொல்லு. துப்பாக்கி வெச்சுக்கிறது உரிமையா? அமெரிக்காவுல கோர்ட்டே சொல்லிருச்சா? நல்லாத்தான் இருக்கு போ. இத்தனை வருசம் அங்க இருந்துட்டு நீ கத்துக்கிட்டு வந்தது இதுதானா. மொஹிங்கா நூடுல்சைச் சாப்பிடு, ஆறிப்போகுது. உங்க அண்ணன் ஜெயில்ல என்னத்தைத் திங்கிறாரோ, வீட்டுக்கு வந்த கொழுந்தனையாவது பட்டினி போடாம இருக்கணும்ல.

இல்ல, புரியாமத்தான் கேக்குறேன். இன்னைக்கு ஒரு சட்டம் போட்டா, இருநூறு வருசத்துக்கு முன்னால அதுமாதிரி ஒண்ணு இருந்துச்சான்னு ஜட்ஜுங்க தேடுவாங்களாக்கும்? பொண்டாட்டியை அடிச்சு மெரட்டுறவன் கையில துப்பாக்கி இருக்கலாமான்னு வந்த கேசுக்கும் பழங்காலத்தைத்தான் தோண்டுனாங்களா? அடேயப்பா! அடி வாங்குனவளைக் கேட்டிருந்தா அரை நிமிசத்துல சொல்லியிருப்பாளே. என்னது, கடைசியில கூடாதுன்னுதான் சொன்னாங்களா? சரி, அந்த மட்டுக்கும் புத்தி இருக்கு.

சிரிக்காதே. எங்க பர்மா கோர்ட்டு மட்டும் மட்டமா? வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்தைத்தான் இன்னும் கட்டிக்கிட்டு அழுவுறாங்க. அவன் கப்பலேறிப் போயி எத்தனை காலமாச்சு, அவன் பயம் மட்டும் இங்கயே குடியிருக்கு. உங்காளு பழசைப் பாத்துட்டு வெச்சுக்கோங்கிறான், எங்காளு பழசைப் பாத்துட்டு உள்ள போங்கிறான்.

துப்பாக்கியாம் துப்பாக்கி! உங்க அண்ணனை உள்ள தள்ளுனது, உங்க தாத்தா மாவ்பி ஊரு வயல்ல பன்னி வெரட்டுன சாமான். துருவேறிக் குழலே அடைச்சுக் கெடந்துச்சு. ஆயுத பூசைன்னா என் தையல் மிசினு, அரிவாமனை, உங்க அண்ணன் பஸ்சு ரிப்பேரு பண்ற ஸ்பேனரு, அதோட அதையும் தொடச்சு வெச்சுச் சந்தனம் குங்குமம் வெப்போம். மறுநாளே பரண்ல போட்ருவோம். ஒனக்குத் தெரியாததா.

பூசை முடிஞ்ச வாரமே போலீசு வந்து பரண்ல ஏறிட்டாங்க. வெச்ச பொட்டு அழியாம அப்படியே இருக்கு. இதுக்கு எதுக்குப் பூசைன்னு கோர்ட்டுல ஜட்ஜம்மா கேட்டாங்க. உங்க அண்ணன்தான் பர்மா பாசையில பெரிய பண்டிதராச்சே! லொஞ்ஜியை இழுத்துக் கட்டிக்கிட்டு நெஞ்சை நிமுத்திச் சொல்றாரு, நாங்க எதை வெச்சுப் பொழைக்கிறோமோ அதைக் கும்புடுவோம், அது எங்க சாமி வழக்கம்னு. நான் பின்னால உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன். அந்தம்மா சரி சரின்னு எழுதிக்கிச்சு. பொழைக்கிற சாமானைத்தான் கும்புடுவாங்களாம், இவன் துப்பாக்கியைக் கும்புட்டிருக்கான், அப்ப அதுதான் இவன் பொழப்பு! முடிஞ்சுது. மூணு வருசம். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

அழலப்பா, எரிச்சல்தான் வருது. அந்த மனுசன் இல்லாம இந்த வீட்டுக்குள்ள இருக்கவே புடிக்கல எனக்கு.

அப்பீலுக்கு வக்கீலு ஒரு வழி சொல்றாரு. அது சாமியும் இல்ல, ஆயுதமும் இல்ல, வெறும் பழைய இரும்புன்னு உங்க அண்ணன் எழுதிக் குடுக்கணும். மாட்டேங்கிறாரு! பொட்டு வெச்சதைப் போயி குப்பைன்னு சொல்ல மாட்டாராம். ரோசத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நாளைக்குப் பாக்க விடுறாங்க, நீதான் வந்து பேசணும். நான் சொல்லி எந்தக் காலத்துல கேட்டாரு? உன்னைத்தான் இன்னும் இடுப்புல தூக்கி வெச்ச புள்ளையாட்டமே நெனச்சுக்கிட்டிருக்காரு.

காட்டிக் குடுத்தது யாருன்னா கேக்குறே? எதுத்த வீட்டு பர்கத்துல்லா பாய்தான்னு உங்க அண்ணன் சாபம் விட்டுக்கிட்டிருக்காரு. பாவம் அந்த மனுசன், அவர்தான் நான் ஜெயிலுக்குப் போறப்பல்லாம் பழம் வாங்கிக் குடுத்து விடுறாரு.

அவரு இல்ல தம்பி. பூசை அன்னைக்கு வீடியோவுல எங்களோட பேசுனியே, அப்ப ஒரு படம் புடிச்சியே. அதை ஃபேஸ்புக்குல போட்டு, எங்க பரம்பரைத் துப்பாக்கி, எங்க உரிமைன்னு எழுதி, யாங்கூன்னு ஊர்ப்பேரும் போட்டே. அந்தப் படத்தைத்தான் கோர்ட்டுல பெருசாக் காட்டுனாங்க. போட்டவன் பேரைக் காட்டல. ஃபேஸ்புக்குல பாத்ததால எனக்குப் பேரு தெரியும், உங்க அண்ணனுக்குத் தெரியாது. நான் சொல்லல. நாளைக்கு நீயே சொல்லிரு. அண்ணனை ஜெயிலுக்கு அனுப்புன பழி உன் தலையில நிக்கக் கூடாதுன்னாவது, அதை இரும்புன்னு சொல்லிருவாரு.