கையில் இருந்த ஹார்ட் டிஸ்க்

பகல் பன்னிரண்டே முக்கால். மண்டையைப் பிளக்கும் வெயில். சாலையில் ஈ, காக்கை இல்லை... சிரிக்காதீர்கள். பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று எவன் சொன்னான்?

எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரனின் மைத்துனனுக்கு நடந்தது இது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். என்ன கோளாறு என்றாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவான். அதனால் பட்டப்பெயரே ‘ஃபார்மட்’. அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாலைக் கடைசியில் தனி வீடு. ஓர் அம்மாள் மட்டும். அப்டேட் ஓடி முடிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் எழும்பவில்லையாம். கறுப்புத் திரை... அதில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.

“எம்பொண்ணோடது தம்பி. தலைக்குக் குளிச்சிட்டிருந்தப்பவே செத்துப்போயிட்டா, எட்டு மாசம் ஆச்சு. அவ போட்டோ எல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு. அது போயிடக் கூடாது.”

“நான் பாத்துக்கறேன்மா. நீங்க போங்க.”

மூன்று முறை அணைத்துப் போட்டான். அதே வட்டம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, முதலில் படங்களை எடுத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. பாவிக்குப் பசி. வெயில் எரிச்சல் வேறு. “சனியனே!” என்று மேசையில் குத்தினான்... ஃபார்மட்டை அழுத்திவிட்டான்.

அப்போதுதான் அந்த வாசனை. ஈரத் தலையின் ஷாம்பு வாசனை. அம்மாளோ அடுத்த அறையில் இருந்தாள்.

அவள் வந்து கேட்டபோது கூசாமல் புளுகினான். “அப்டேட்டு எல்லாத்தையும் தின்னுடுச்சும்மா. டிஸ்க்கே செத்துப்போச்சு.” நம்பவைக்க, அதைக் கழற்றிக் கையில் எடுத்தே காட்டினான்.

டிக்...

திரை வெளிச்சமானது. டிஸ்க் அவன் கையில்... கம்ப்யூட்டர் எழும்புகிறது! ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள். பள்ளிச் சீருடையில், சைக்கிளில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு... ஒரே பெண்.

கடைசிப் படம் அப்படியே நின்றது. அதே அறை. கையில் டிஸ்க்கோடு அவன். அவன் தோளை ஒட்டி அவள், தலைமுடி சொட்டச் சொட்ட. இதில் மட்டும் சிரிக்கவில்லை.

அவனுக்கு நாக்கு குழறியது. “நான்... நான்தான் அழிச்சிட்டேன்மா...”

அம்மாளுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. “யாரைக் கேட்டுடா அழிச்ச?”

அவன் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு.

அம்மாள் அவனை விட்டு, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“நீயே கேளுடி.”