பலகைக்கு அடியில் ஒரு கோடு

அக்கா: நிறுத்துடா அந்த மணியை! காது கிழியுது.

தம்பி: நான் என்ன பண்ண? பம்ப் வெச்ச பொம்மை ஒழுங்காத்தான் மூச்சு விடுது. வயிறு ஏறுது, இறங்குது. உன் பெட்டிதான் ‘ஐயோ, குழந்தைக்கு மூச்சு நின்னுபோச்சு’ன்னு ஊரைக் கூட்டுது.

அக்கா: இது எத்தனாவது?

தம்பி: பன்னெண்டாம் நம்பர். கடைசி. மொத்தம் ஏழு பெட்டி ஃபெயில்.

அக்கா: ஏழு...

தம்பி: அஞ்சு பாஸ் ஆயிருக்குல்ல? அதைச் சொல்லு.

அக்கா: எதைடா சொல்ல? ஆஸ்பத்திரில பன்னெண்டு தொட்டில், பன்னெண்டு பச்சைக் குழந்தை. அஞ்சு தொட்டில் சரியா இருக்கும், மிச்சத்துல சும்மா சும்மா மணி அடிக்கும்னு போய்ச் சொல்லவா? பெத்தவ பயத்துலயே பாதி உயிரை விட்டுடுவா. நாலு நாள் போனா நர்ஸும் அந்தச் சத்தத்தைக் காதுல போட்டுக்க மாட்டாங்க. அப்புறம் நிஜமாவே மூச்சு நிக்கிற அன்னைக்கு...

தம்பி: போதும்க்கா. அதை வாயால சொல்லாத.

அக்கா: நாலு மணிக்கு முதலாளி வருவார். இன்னைக்கும் ஆகலைன்னா இந்த வேலையையே மூடிடுவேன்னு சொல்லிட்டார்.

தம்பி: இப்ப ரெண்டரைதான் ஆகுது.

அக்கா: மூணு மாசமா ஆகாதது ஒன்றரை மணி நேரத்துல ஆயிடுமா?

தம்பி: டீயைக் குடி முதல்ல. ஆறிப்போய் ஆடை கட்டிருச்சு... அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?

அக்கா: கேளு.

தம்பி: நான் அறுத்த பலகை சரியில்லையோ? கனம் கம்மியா அறுத்துட்டேனோ?

அக்கா: உன் பலகைக்கு ஒரு குறையும் இல்லை!

தம்பி: எதுக்கு இப்படிக் கத்துற?

அக்கா: கத்தலை. அந்தப் பிளாஸ்டிக் பலகையை நானே சோதிச்சேன். பொட்டு மின்சாரம் போகலை. என் கணக்குதான் எங்கயோ தப்பு. யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லு.

தம்பி: யார் கேப்பாங்க?

அக்கா: யாராவது.

தம்பி: ம்... நான் ஒண்ணு சொல்றேன், நீயும் கேட்டுக்கோ. என்ன ஆனாலும் நீ இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது.

அக்கா: நான் எங்க போகப் போறேன்?

தம்பி: சும்மா சொன்னேன்.

அக்கா: சும்மா சொல்ற மூஞ்சியா இது? திரும்பு இப்படி.

தம்பி: விடு, விடு. பிளேடு போடாத. மறுபடி ஆரம்பத்துலருந்து வருவோம். மெத்தைக்கு அடியில ஒரு சவ்வு. குழந்தை மூச்சு விட்டா அது துளியூண்டு அமுங்கும். அமுங்கினா துளியூண்டு மின்சாரம் வரும். சவ்வு உக்கார்ந்திருக்கிறது என் பலகை மேல. பலகையில ரெண்டு பித்தளைத் திருகு. அது வழியா மின்சாரம் பெட்டிக்குப் போகும்—

அக்கா: போகணும். போகலை. வர்றதே எறும்பு மூச்சு மாதிரி. அதுவும் பெட்டிக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்கயோ ஒழுகிடுது. பெட்டி என்ன நினைக்கும்? ஒண்ணும் வரலை, மூச்சு நின்னுபோச்சுன்னு மணி அடிக்கும்.

தம்பி: தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா அஞ்சு பெட்டில மட்டும் ஏன் ஒழுகலை?

அக்கா: அதானே மண்டையைக் குடையுது. அதே சவ்வு, அதே கம்பி, அதே பெட்டி.

தம்பி: எந்த அஞ்சு? வரிசையா சொல்லு.

அக்கா: ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து.

தம்பி: அட... அது அஞ்சும் ஒரே நாள்ல பண்ணது.

அக்கா: ஒரே நாளா? அன்னைக்கு மழையா, வெயிலா? ஈரப்பதம்—

தம்பி: மழையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பென்சில் தொலைஞ்ச அன்னைக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. காதுல சொருகியிருந்தேன், காணோம். பட்டறை பூரா தேடினேன். மறுநாள் பார்த்தா என் செருப்புக்குள்ள கிடக்கு! பக்கத்து மிஷின்காரன் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறான்.

அக்கா: இரு, இரு. பென்சிலா?

தம்பி: என்ன? நீயும் சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ.

அக்கா: பென்சிலால என்னடா பண்ணுவ?

தம்பி: அளவெடுத்துக் கோடு போடுவேன். வேற என்ன பண்ணுவாங்க? கோடு போட்டு, ரெண்டு முனையில துளை போட்டு, திருகை மாட்டுவேன். கோடு இல்லாம துளை போட்டா கோணிக்கும்.

அக்கா: பென்சில் இல்லாத அன்னைக்கு?

தம்பி: ஆணியால கீறினேன்.

அக்கா: ...பலகையைக் கழட்டு.

தம்பி: எதுக்கு?

அக்கா: கழட்டுடான்னா கழட்டு! பன்னெண்டாம் நம்பர். சீக்கிரம்.

தம்பி: இரு, கையைத் தள்ளாத... திருகு கீழ விழுது... ம், இந்தா.

அக்கா: அடிப்பக்கம். திருப்பு.

தம்பி: திருப்பிட்டேன். அழகா, நேரா கோடு. இந்தத் திருகுலருந்து அந்தத் திருகு வரைக்கும். நூல் பிடிச்ச மாதிரி. இதுல என்ன குத்தம் கண்டுபிடிச்ச?

அக்கா: ஐயோ... ஐயோ, கடவுளே...

தம்பி: பயமுறுத்தாத!

அக்கா: எவ்வளவு கறுப்பா போட்டிருக்க!

தம்பி: நீ வாங்கிக் கொடுத்த பென்சில்தானே? மெத்துனு இருக்கும், கறுப்பா எழுதும்னு டப்பாவோட கொடுத்தியே. என் பிறந்த நாளைக்கு.

அக்கா: நான்தான் கொடுத்தேன். நானே என் கையால... ரப்பர் எங்க? அழி. முழுசா அழி. அப்புறம் பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சுத் துடை.

தம்பி: அழிக்கிறேன். ஏன்னு சொன்னா கையும் கொஞ்சம் வேகமா ஓடும்.

அக்கா: மாட்டிட்டுச் சொல்றேன். தப்பா இருந்தா இன்னொரு தடவை தாங்க மாட்டேன்.

தம்பி: துடைச்சாச்சு. மாட்டியாச்சு. பொம்மையை வை. பம்ப்பைப் போடு.

அக்கா: நீயே போடு.

தம்பி: போட்டேன். வயிறு ஏறுது... இறங்குது...

அக்கா: நான் பார்க்கலை. கண்ணை மூடிட்டேன். பெட்டி முள் என்ன பண்ணுது?

தம்பி: இரு, குனிஞ்சு பார்க்கிறேன்.

அக்கா: சொல்லேண்டா!

தம்பி: ஆடுதுக்கா. முள் ஆடுது! வயிறு ஏறினா ஏறுது, இறங்கினா இறங்குது. கண்ணைத் திற, லூசு!

அக்கா: மணி?

தம்பி: அடிக்கலை.

அக்கா: ஒரு நிமிஷம் பொறு. போன தடவையும் கொஞ்சம் கழிச்சுத்தான் அடிச்சுது...

தம்பி: ரெண்டு நிமிஷம் ஆச்சு. நீ அழறியா?

அக்கா: அழலை. அப்பாடா... அப்பாடா! நாலு நாளா சோறு எறங்கலைடா எனக்கு.

தம்பி: ஏய், இங்க உக்காரு. ஸ்டூலைப் பிடிச்சுக்கோ. இப்பவாவது சொல்லித் தொலை. ஒரு பென்சில் கோடு எப்படி இந்தப் பாடு படுத்துச்சு?

அக்கா: பென்சில்ல இருக்கிறது கரிடா. கிராஃபைட். கரி அணு ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சுத்துல நாலு எலக்ட்ரான். மூணு, பக்கத்துல இருக்கிற மூணு அணுவோட கை கோத்துக்கும். அதுங்க அங்க இங்க நகராது.

தம்பி: நாலாவது?

அக்கா: அது எந்த ஒரு அணுவுக்கும் தனிச் சொந்தம் இல்லை. கை கோத்த அணுவெல்லாம் சேர்ந்து தகடு மாதிரி படுத்திருக்கும்; அந்தத் தகடு முழுக்க அதோட வீடு. கொஞ்சம் மின்சாரம் தள்ளினா போதும், ஓடிரும். அதான் உன் கோடு கம்பி மாதிரி வேலை செஞ்சிருக்கு. பெட்டிக்கு வர வேண்டியது அது வழியா குறுக்கால போயிருச்சு. நான் சோதிச்சது கோடு போடாத வெறும் பலகை. அதான் மாட்டலை.

தம்பி: அப்ப அந்த நாலாவது, வீடு வீடா தாவிக்கிட்டே இருக்குமா?

அக்கா: தாவுதுன்னுகூடச் சொல்லக் கூடாது. ஒரே நேரத்துல எல்லார் வீட்டுலயும் இருக்குன்னு வெச்சுக்கோ.

தம்பி: அக்கா... அது நான்.

அக்கா: என்னது?

தம்பி: நாலு பிள்ளைங்கள்ல நீங்க மூணு பேரும் குடும்பம் குட்டின்னு செட்டில் ஆயாச்சு. நாலாவது? பெரியண்ணன் வீட்டுல என் சோப்பு டப்பா, சின்னண்ணன் வீட்டுல போர்வை, உன் வீட்டுல பல் பிரஷ். விலாசம் கேட்டா எதை எழுதறதுன்னு எனக்கே தெரியாது.

அக்கா: ச்சீ, போடா.

தம்பி: பெரியண்ணன் என்ன சொல்வாரு? ‘இவன் எங்கயும் நிலைக்க மாட்டான்.’

அக்கா: அதே கரிதான் வைரமும். அதுல நாலு எலக்ட்ரானையும் இறுக்கிக் கட்டிப் போட்டிருக்கும். ஒண்ணும் நகராது, மின்சாரமும் போகாது.

தம்பி: சரியாப் போச்சு. பெரியண்ணன் வைரம், நான் பென்சில்.

அக்கா: முழுசாக் கேளுடா. அந்த நாலாவது எல்லாருக்கும் பொதுவா இருக்கே, அதால அந்தத் தகடு இன்னும் உறுதியாகுது. அணுவுக்கும் அணுவுக்கும் நடுவுல பிடி இறுகும். பெரியண்ணனும் சின்னண்ணனும் பேசாம இருந்த ஆறு மாசம் யாரு அங்கயும் இங்கயும் போய் வந்தா? எனக்கு ஆபரேஷன் ஆனப்ப யாரு வந்து சமைச்சா?

தம்பி: இதைப் பெரியண்ணன்கிட்ட எழுதிக் கொடுப்பியா? கையெழுத்தோட?

அக்கா: கொடுக்கிறேன். முதல்ல மிச்ச ஆறு பலகையையும் கழட்டு. மூணு மணி ஆயிடுச்சு.

தம்பி: நீ அழி, நான் துடைக்கிறேன். ஒண்ணாம் நம்பர் இந்தா... மெதுவா, ஓட்டை போட்டுடாத!

அக்கா: ரப்பரே தேஞ்சுபோச்சு. இன்னொண்ணு இருக்கா?

தம்பி: டப்பாவுல ரெண்டு கொடுத்தியே. இப்படி ஒரு நாள் வரும்னு தெரிஞ்சேதான் கொடுத்திருக்க.

முதலாளி: உள்ள வரலாமா? என்னம்மா இது, மணிச் சத்தமே காணோம்? வாசல் வரைக்கும் கேக்குமே.

அக்கா: வாங்க சார். பன்னெண்டும் பாஸ்.

முதலாளி: பன்னெண்டுமா?

தம்பி: நீங்களே ஒண்ணை எடுத்து வெச்சுப் பாருங்க சார்.

முதலாளி: பன்னெண்டாம் நம்பரை வை... ம். முள் நல்லா ஆடுது. சரி, இப்ப பம்ப்பை நிறுத்து. நிஜமா மூச்சு நின்னா என்ன பண்ணுதுன்னு பார்க்கலாம்.

தம்பி: நிறுத்திட்டேன். பத்து எண்ணுங்க.

முதலாளி: ஏழு... எட்டு... ஒம்ப— யப்பா! போதும், போதும், நிறுத்து! மூணு மாசமா எரிச்சலா இருந்த சத்தம், இன்னைக்குத்தான் கேக்க நல்லா இருக்கு. எங்க இருந்துச்சு தப்பு?

தம்பி: என் பென்சில் கோடு சார். என் தப்பு—

அக்கா: இல்லை சார், பென்சிலைக் கொடுத்தது நான். கரி மின்சாரம் கடத்தும்னு படிச்சவ நான். என் தப்பு—

முதலாளி: அடடா, மறுபடியுமா? அதைத்தான் காலையிலயே ரெண்டு பேரும் எழுதி என் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போனீங்களே.

தம்பி: ரெண்டு பேருமா?

அக்கா: நீ என்னடா எழுதின?

தம்பி: ஒண்ணும் இல்லை. சார், அதை அப்படியே கொடுத்துடுங்க...

முதலாளி: ‘பலகை அறுத்தது நான். தப்பு என் மேல. நான் வேலையை விட்டுப் போயிடறேன். அக்காவை மட்டும் எதுவும் செஞ்சிடாதீங்க.’ இதையும் பென்சில்லயே எழுதியிருக்கான்.

அக்கா: டேய், உனக்கு அறிவிருக்கா? முதல் முதலா ஒரு வேலைல ஒரு வருஷம் நிலைச்சு நின்னிருக்க. யாரைக் கேட்டு இப்படி எழுதிக் கொடுத்த?

தம்பி: நீ திட்டுவேன்னுதான் சொல்லலை. பென்சில்தானே, அழிச்சா போயிடும்.

முதலாளி: அவனைத் திட்டாதம்மா. உன் கடுதாசில ‘தம்பியை மட்டும்’னு இருக்கிற இடத்துல அவன் ‘அக்காவை மட்டும்’னு போட்டிருக்கான், அவன் பலகைங்கிறான், நீ கணக்குங்கிற, வேற வித்தியாசம் இல்லை. இந்தாங்க, மாத்தி வாங்கிக்கங்க. அவன் எழுதினதை நீ கிழி, நீ எழுதினதை அவன் கிழிக்கட்டும்.