மூணு வருஷமா சிரிக்கல

— அப்போ சர்ச் பாட்டுக் கொயர்ல கலைவாணி அக்காகூட சண்டை இல்லன்ற?

— இல்ல மாமா. அவங்க பாவம், வாராவாரம் போன் பண்ணிக்கினுதான் இருக்காங்க.

— அப்புறம் இன்னா சுகா? சின்னவ பொறந்து மூணு வருஷமாச்சு. ரெண்டரை வருஷமா சர்ச்சுல ஒரு பாட்டு இல்ல. பைக்ல ஏற மாட்டேன்ற. நான் ஜோக் அடிச்சா வாய மூடிக்கினு உள்ள போயிடற. கட்டிக்கினவன புடிக்காமப் போச்சோன்னு நெனச்சிக்கினு கெடக்கறேன்.

— லூசு மாமா. நீ ஜோக் அடிச்சா எனக்கு சிரிப்பு வந்துடும். அதான் பயமே.

— சிரிக்கறதுக்கு இன்னா பயம்?

— கதவ சாத்து. அத்தை அடுப்பாண்ட இருக்காங்க. கிட்ட வா... சிரிச்சா வந்துடுது.

— இன்னா வந்துடுது?

— ஒண்ணுக்கு. இருமுனா, தும்முனா, உச்சத்துல இழுத்துப் பாடுனா. உன் பைக் பள்ளத்துல குதிச்சாகூட. சின்னவளுக்கு ஆறு மாசம் இருக்கும்போது கிறிஸ்துமஸ் ஆராதனையில, பாதிப் பாட்டுல, புடவை நனஞ்சிடுச்சு. பாட்டு புக்கால பின்பக்கத்த மறைச்சுக்கினு ஓடியாந்தேன்.

— அன்னிக்கு தலைவலின்னியே!

— வேற இன்னா சொல்லுவேன்? வேலை பாக்கற புடவைக் கடையில நாள் பூரா தண்ணி குடிக்கறதில்ல. கல்யாணப் புடவைய விரிச்சிக் காட்டும்போது, அதுல ஒரு சொட்டு பட்டா இன்னா ஆவறதுன்னு தள்ளியே நின்னுக்குவேன்.

— இத்த தனியா வச்சிக்கினு அழுதியா?

— குளிக்கும்போது. தண்ணி சத்தத்துல வெளிய கேக்காது.

— மரமண்டைடி நான். உனக்கு எம்மேல கோவம்னு ஒதுங்கிப் படுத்தேன்.

— எம்மேல நாத்தம் அடிக்குதுன்னுதான் நீ ஒதுங்கறன்னு நெனச்சேன்.

— பைத்தியம்! உம்மேல புள்ளைங்க பவுடர் வாசனைதான் வரும். டாக்டராண்ட காட்டுனியா?

— இல்ல. போன மாசம் சொட்டு மருந்து போட்ட நர்சம்மாகிட்ட வாய்விட்டு சொல்லிட்டேன். பிரசவத்துல இடுப்புக்கு அடியில இருக்கற தசை தளர்ந்து போயிடுதாம். நெறைய பேருக்கு இருக்குதாம். பயிற்சி சொல்லித் தருவாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போன்னாங்க.

— நாளைக்கே போறோம். நான் ஓட்டற ஸ்கூல் வேன என் தோஸ்து தாவீது ஓட்டிக்குவான். ஆட்டோ வச்சுக்கலாம், பள்ளம் இல்லாத ரோடா பாத்து.

— காஞ்சிபுரத்துலயா?

— ஏய், சிரிக்கற!

— போ மாமா, சிரிக்க வைக்காத... அய்யோ!

— நனஞ்சா நான் தொவைக்கறேன். நீ சிரிடி.

— ஜான்சா! கதவத் தொறடா.

— எம்மா! எவ்ளோ நேரமா நிக்கற?

— காப்பி ஆறிப்போற அளவுக்கு. சுகா, நீ தலைய குனியாத கண்ணு. டேய், நாளைக்கு ஆட்டோவுல எனக்கும் ஒரு எடம் வை.

— உனக்கு இன்னாமா? முட்டி வலியா?

— முட்டி இல்லடா. நீ ரெண்டு நாளு வலியில பொறந்த. அன்னிலேர்ந்து எனக்குக் கர்ப்பப்பை எறங்கிக் கெடக்குது. முப்பத்தாறு வருஷம். உங்கப்பா சாவற வரைக்கும் அவருக்கே தெரியாது.