நடுவுல ஒரு கதவு

...இல்ல, நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? போன மாசம் வரைக்கும் இந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்துல எல்லாரும் ஒரே ஹால்ல வட்டமா உக்காந்துதான் பேசினோம். கிட்னி வாங்கினவங்க, குடுத்தவங்க எல்லாம் ஒண்ணா. இப்பப் பாருங்க, வாங்கினவங்க அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம், நடுவுல ஒரு கதவு. அதுவும் தாழ்ப்பாள் அவங்க பக்கம்! நீங்க இன்னிக்கிதான் வர்றீங்களா? யாருக்குக் குடுத்தீங்க... வீட்டுக்காரருக்கா? நல்லாருங்க. நான் என் தம்பிக்கு. இடது பக்கத்துக் கிட்னி. எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு நாள் மக்கர் பண்ணினதில்லங்க அது.

அவன்கிட்ட போனப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. வெயில்ல சுத்துறான். தண்ணி குடிடான்னா, ‘அப்புறம்க்கா’ங்கிறான். பொண்ணக் கட்டிக் குடுத்தா, எப்படி இருக்கான்னு ஒரு போன் போட மாட்டோமா? ஒரு நாளைக்கு எட்டு தடவ, அவ்ளோதான். அதுக்கு இந்த நர்ஸம்மா சொல்றாங்க, ‘கட்டிக் குடுத்தாச்சுல்ல, இனிமே அது அந்த வீட்டுப் பொண்ணு’ன்னு. அவங்க என்னத்தக் குடுத்தாங்களாம்? பேப்பர் கப்புல டீ குடுத்தாங்க!

என்ன... கதவு யாரால வந்துச்சுன்னா? ம்... அது வந்து... போன கூட்டத்துல நான் ஒரே ஒரு கேள்விதாங்க கேட்டேன். ‘காலைல எத்தன மில்லிடா ஒண்ணுக்குப் போன?’ இருபது பேரு முன்னாடி. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். சரி, அவன மட்டும் கேட்டா சங்கடப்படுவானேன்னு பக்கத்துல இருந்தவரையும் கேட்டேன். அப்புறம் அவருக்குப் பக்கத்துல இருந்தவர... அப்படியே வட்டம் பூரா கேட்டு முடிச்சிட்டேன்.

பயங்க. வேற ஒண்ணுமில்ல. நாலு வருஷம் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு, வாடி வதங்கிக் கெடந்த பய. மறுபடி அவன அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல. குடுக்கலாம்னா எங்கிட்டயும் ஒண்ணுதான் மிச்சம். அதையும் கேட்டுப் பாத்தேன், டாக்டரு முறைக்கிறாரு.

கேட்டுச்சா? அது அவன் சிரிப்புதான். கதவத் தாண்டி வருது பாருங்க. என்னைப் பத்தித்தான் எதையாவது சொல்லியிருப்பான், கழுத. சொல்லட்டும்... சிரிக்கிறான்ல.

ஏங்க, எந்திரிச்சிட்டீங்க? பாத்ரூமா? கடைசிக் கதவு, தாராளமாப் போயிட்டு வாங்க... அட, ஏன் ஓடுறீங்க? இருங்க, அளவு ஜாடி பையிலயே வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க! கழுவினதுதாங்க!