பன்னிரண்டு புள்ளி முகம்

– “மூக்கு நுனி தெரிஞ்சாக்கூடப் போதும் தம்பி”ன்னு அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா அண்ணி?

– மறக்குமா? “படத்தைச் சரிபண்றதுதானே என் வேலை, அண்ணன் முகத்தையே கொண்டுவந்து காட்டுறேன்”னீங்க. கொண்டும் வந்தீங்க. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? டீ ஆறுது பாருங்க.

– அதைப் பத்தித்தான் சொல்லணும். அண்ணன் வேலை பார்த்த ஆலை தீப்பிடிச்ச அன்னிக்குப் பின்வாசல் கேமராவுல ஒரு ஆள் வெளியே போறாரு. பெரிசாக்கிப் பார்த்தா முகம்னு இருந்தது வெறும் பன்னிரண்டு புள்ளி.

– தெரிஞ்சதுதானே. காத்துல கேமரா ஆடுனதால ஒவ்வொரு படமும் இம்மி தள்ளி விழுந்திருக்கு, அறுபதையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா ஒத்தப் படத்துல இல்லாததும் தெரியும்னு பாடமே நடத்தினீங்க.

– அடுக்கினேன். தோள்ல பை தெரிஞ்சுது. சட்டைப் பாக்கெட் தெரிஞ்சுது. முகம் வரல அண்ணி. அதுக்கு மேல அந்தப் படங்கள்ல ஒண்ணுமே இல்ல.

– அப்புறம் எப்படி வந்தாராம் உங்க அண்ணன்?

– நம்ம ஆல்பத்துல இருந்த அவர் போட்டோ முந்நூறையும் கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுத்தேன். இல்லாததை அதுவே நிரப்பிடுச்சு. வந்த சந்தோஷத்துல எதையும் யோசிக்காம ஓடியாந்து காட்டிட்டேன்.

– உம்.

– நேத்துதான் புத்தி வந்து சோதிச்சேன். எங்க ஆபீஸ் வாட்ச்மேன் படத்தை மங்கலாக்கிப் போட்டேன். அவரும் அண்ணனாத்தான் வந்தாரு.

– ஐயோ, அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய மீசையாச்சே!

– அதையும் வழிச்சுவிட்டிருச்சு. சிரிக்காதீங்க அண்ணி. உடம்பு கிடைக்காமலே “இறந்துட்டார்”னு கம்பெனிக்காரங்க கொண்டுவந்த காகிதத்துல கையெழுத்துப் போடாதீங்கன்னு தடுத்தவன் நான். ஏழு மாசம் அவரைத் தேடி உங்களை ஊர் ஊரா அலைய விட்டுட்டேன்.

– எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி.

– என்னது?

– போன வருஷம் கம்பி தெறிச்சு அவர் இடது புருவத்துல நாலு தையல் போட்டாங்களே. நடுவுல முடியே முளைக்கல. அதுக்கப்புறம் அவர் போட்டோவுக்கே நிக்கல. உங்க படத்துல புருவம் முழுசா இருந்துச்சு.

– எனக்கு அது தோணவே இல்லையே! தெரிஞ்சுமா என்கூட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்குனீங்க?

– மூணு நாள் பச்சைத் தண்ணி குடிக்காம கிடந்தீங்க. அந்தப் படம் வந்த பிறகுதான் தட்டு முன்னாடி உக்காந்தீங்க. எந்த வாயால சொல்றது?

– அண்ணி...

– ஏழு மாசமா தொண்டைவரைக்கும் வந்து வந்து நிக்குது, இன்னிக்குக் கேட்டுடறேன். அவர் செத்துட்டாருன்னு உங்க வாயால ஒரே ஒரு தடவை சொல்லுங்க தம்பி. நான் அழணும்.