பாதி விலைக்கும் கீழே

வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டைப் புதிதாக வாங்குகிறவனுக்கு மானைவிடப் புத்தி குறைவு. எந்த மானும் கடைக்குப் போய் முழு விலை கொடுத்ததில்லை.

நீங்கள் போலீஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன், ஷெரீப். நவம்பரில் வேட்டை தொடங்குமுன் கடை வாசலில் வரிசையில் நிற்கும் ஆட்டு மந்தையைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாங்கும் பூட்ஸ் ஜனவரியில் பாதி விலை. எனக்கு அதுவே அதிகம். நான் செய்தித்தாளில் இரங்கல் பக்கம் படிப்பவன். வேட்டைக்காரன் செத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் மனைவி அவன் சாமான்களை விற்றுக் கொட்டகையைக் காலி செய்வாள். செத்தவனின் தோள் அளவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். முப்பது வருடமாக என் உடம்பில் ஏறியதெல்லாம் அப்படி வந்ததுதான்.

பக்கத்து நிலத்துக்காரன் ஆர்விட் லாஹ்தி எனக்கு நேர்மாறு. வருடா வருடம் எல்லாம் புதுசு. போன சீசனுக்குத் தொள்ளாயிரம் டாலரில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினான். மதுக்கடையில் எல்லார் முன்னாலும் என் காலரைப் பிடித்துப் பார்த்தான்.

"இது எந்தச் செத்தவனோடதுடா, ரெய்னோ?"

"ஹாக்ஸ்ட்ரோமோடது. இன்னும் பத்து வருஷம் வரும்."

"நான் செத்தா எங்க வாசல்ல முத ஆளா நீதான் நிப்ப."

"விலை படிஞ்சா நிப்பேன்."

சிரித்துவிட்டு எனக்கொரு பீர் வாங்கிக் கொடுத்தான். நான் மறுக்கவில்லை.

அதே சீசனின் மூன்றாம் நாள் காலை, எல்லையோரம் அவன் கத்துவது கேட்டுப் போனேன். மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்து கிடந்தான். தொடையெலும்பு முறிந்திருந்தது. உடம்பில் உயர்ந்த ரகப் பாதுகாப்புப் பட்டை; அதை மரத்தோடு மாட்டத்தான் அவனுக்குத் தோன்றவில்லை. போன் எட்டாத தூரத்தில் பனியில் கிடந்தது.

"நல்லவேளை வந்தடா. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"கூப்பிடுறேன். முதல்ல கோட்டைக் கழட்டு. அவங்க வந்தா கத்தரிய வச்சுக் கிழிச்சுருவாங்க."

"குளிருதுடா."

"பத்து நிமிஷந்தான். தொள்ளாயிரம் டாலர் கோட்டு, ஆர்விட்."

தொகையைக் கேட்டதும் கையை நீட்டினான். முழு விலை கொடுப்பவர்களுக்கு உயிரைவிட ரசீது பெரிது. தையல் விடாமல் நானே மெதுவாக உருவிக் கிளையில் மாட்டினேன். மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு. பட்டாணி சூப்பைச் சூடாக்கிக் குடித்தேன். நான் அவனைத் தள்ளவில்லை. அடிக்கவுமில்லை. குளிரையும் நான் ஏற்பாடு செய்யவில்லை.

விறைத்துச் சாகிறவர்கள் கடைசியில் உடம்பு எரிவதாக நினைத்து உடுப்பைக் கழற்றிவிடுவார்கள், ஆர்விட்டும் அப்படித்தான் என்று அவன் மனைவி எல்சாவுக்கு விளக்கியது நீங்கள்தான். தொடை முறிந்தவன் எழுந்து நின்று, தலைக்கு மேலே கிளையில், கோட்டைத் தோள் மடியாமல் மாட்டுவானா என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. போகட்டும். உங்களையும் இந்த ஊர் முழு விலை கொடுத்துத்தான் வைத்திருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து எல்சா கூப்பிட்டாள். கோட்டுக்கு நூற்றைம்பது கேட்டாள். நான் நூறு சொன்னேன்.

"எடுத்துக்க ரெய்னோ. அவர் இருந்தா உனக்குச் சும்மாவே குடுத்திருப்பார்," என்று கண்ணைத் துடைத்தாள்.

துக்கத்தில் இருப்பவர்கள் பேரம் பேசுவதில்லை. அப்புறம் ஒரு கேமராவை எடுத்து வந்தாள். மான் நடமாட்டத்தைப் படம் பிடிக்க ஆர்விட் தன் பரணுக்கு எதிர் மரத்தில் கட்டியிருந்தானாம். உங்கள் ஆட்கள் கண்ணில் படாததை, பரணைப் பிரிக்கப் போன அவள் அவிழ்த்து வந்திருக்கிறாள்.

"இதுவும் வேணுமா? நாப்பது."

திருப்பிப் பார்த்தேன். மூடியில் விரிசல். பதினைந்துக்கு மேல் தரமாட்டேன் என்றேன். அதை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். மகள் வந்தபோது, அப்பா கடைசியாக எப்படி இருந்தார் என்று பார்க்க இருவரும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நான் கோட்டைக் கிளையில் மாட்டுவதும், அவன் கை நீட்ட நீட்டத் திரும்பிப் பாராமல் போவதும் தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்கள். ஆமாம், நான்தான். அவன் செத்தால்தான் கோட்டு விற்பனைக்கு வரும் என்று தெரிந்தேதான் போனேன். ஆனாலும் அந்த ஓட்டைக் கேமராவுக்கு நாற்பது டாலர் அநியாயம், ஷெரீப். இன்றைக்குக் கேட்டாலும் பதினைந்துதான் தருவேன்.