ஆலா வந்துவிட்டதாகச் சொன்னார்கள்

ஆலாவுக்கும் கடற்காகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். அதில் எனக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். நீங்கள் வந்த உடனேயே "பறவையெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றீர்கள் பாருங்கள், அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன். ஆலா சின்னது. வெள்ளை உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். குளிர் விட்டு வெயில் லேசாக உறைக்கத் தொடங்கும்போது எங்கிருந்தோ கடல் தாண்டி வரும். கரைக்கு எதிரே இருக்கும் மணல்தீவுகளில்தான் முட்டையிடும். வருஷத்தின் முதல் ஆலாவைப் பார்த்து நகரத்துப் பறவைச் சங்கத்துக்குச் சொல்வது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

நீங்கள் இந்தக் கேஸை விபத்து என்று முடிக்கப் போவதாகத் தங்கை சொன்னாள். பாவம், கண் தெரியாத மனுஷன், பனிமூட்டத்தில் இடம் தப்பி நின்று விசில் ஊதிவிட்டான், அந்தச் சத்தத்தை நம்பி வந்தவன் சேற்றில் மாட்டிக்கொண்டான் என்று. நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் நான் இடம் தப்பி நிற்கவில்லை. அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன்.

எனக்குச் சுத்தமாகக் கண் தெரியாது என்பதும் சரியில்லை. எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது, அதைச் சுற்றி இருப்பது மங்கலாகத் தெரியும். உங்கள் முகம் தெரியவில்லை, காதுகள் தெரிகின்றன. படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் வேலையை இதனால்தான் விட்டேன். தங்கை தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். அவள் புருஷன், என் மாப்பிள்ளை, படகு எஞ்சின் மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கை கறுப்பாகவே இருக்கும் என்பதால் துறையில் எல்லோருக்கும் அவன் 'கிரீஸ்'. வாய் ஓயாது. பறவை என்றால் அவனுக்குக் கோழி ஒன்றுதான் தெரியும், அதுவும் தட்டில். நான்தான் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன்.

என் கண் போன அன்று தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், விடுங்க. இனிமே உங்க கண்ணு நான்தான்" என்றான். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னது.

எங்கள் ஏற்பாடு சுலபமானது. விடிகாலையில் கடல் வற்றும்போது சேற்றுவெளியைத் தாண்டி முதல் தீவுக்கு நடந்தே போய்விடலாம். நீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆலா வரும் மாதத்தில் பனி எப்போது இறங்கும் என்று சொல்லவே முடியாது, இறங்கினால் தன் கையே தெரியாது. அதனால் நான் படகுத்துறை முனையில் நின்று விட்டு விட்டு விசில் ஊதுவேன். அவன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வருவான். துறைக்கு நேரே தரை கெட்டி. கொஞ்சம் தள்ளி உடைந்த மதகுப் பக்கம் போனால் ஓடை இருக்கிறது. அங்கே சேறு ஆளை விழுங்கும், நீரும் முதலில் அங்கேதான் ஏறும். துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஒவ்வொரு வருஷமும் அவன் மூச்சிரைக்க வந்து, "மச்சான், வந்துருச்சு" என்பான். எத்தனை, எந்தப் பக்கம், என்ன செய்கிறது, எல்லாம் சொல்வான். நான் சங்கத்துக்குப் போன் பண்ணுவேன். "ரொம்ப நன்றி சார், எழுதிக்கிட்டோம்" என்பார்கள். கண் தெரியாமல் போன பிறகும் முதல் ஆலா என்னுடையதாகத்தான் இருந்தது. என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இந்த வருஷமும் போன் பண்ணினேன். யாரோ புதுப் பெண் எடுத்தாள். "ஆலாவா? சார், அந்தக் கரைக்கு ஆலா வர்றது நின்னு வருஷக்கணக்காச்சே" என்றாள். பின்னாலிருந்து இன்னொரு குரல், "ஏய், அவருதான்டி அது. கிரீஸ் சொல்லியிருக்காருல்ல, சரி சரின்னு கேட்டுக்கோ" என்றது. அந்தப் பெண் உடனே குரலைக் குழைத்து, "ஓ, சாரி சார். எழுதிக்கிட்டேன் சார். ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். நன்றி அம்மா என்று சொல்லி வைத்தேன்.

சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது ஒருவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள், தெரியுமா? அவன் ஓடலாம், கத்தலாம், எதுவும் கணக்கில் வராது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை நான். வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இருந்தாலும் நான் அவசரக்காரன் இல்லை. சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மாப்ளே, ஆலா என்ன பண்ணிச்சுன்னு இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

"ஆண் ஒரு சின்ன மீனக் கொத்திட்டு வந்து பொண்ணுக்கு ஊட்டுச்சு மச்சான். அது உடனே வாங்கல. கழுத்தத் திருப்பிக்கிட்டு என்னா பிகு பண்ணுச்சுங்கிறீங்க! உங்க தங்கச்சி தோத்தா."

தங்கை சிரித்தாள். நான் அவளைக் கேட்டேன், "நீயும் பாத்தியா?"

"பாத்தேண்ணா. மாடியிலருந்தே தெரிஞ்சுது. வெள்ளையா, என்ன அழகு" என்றாள். எட்டு வயதிலிருந்து வானத்தை அண்ணாந்து பார்க்காதவள் அவள். துணி காயுமா காயாதா என்று பார்ப்பதோடு சரி.

அந்த மீன் ஊட்டும் கதை நான் அவனுக்குச் சொன்னது. என் கண்ணால் நான் பார்த்தது. அதை எடுத்து எனக்கே திருப்பிப் பரிமாறிக்கொண்டிருந்தான், அதுவும் வருஷா வருஷம். திருடன் என்றால்கூட எடுத்ததோடு போய்விடுவான்.

நேரில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அழுவான். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மச்சான் என்பான். தங்கையும் சேர்ந்து அழுவாள், கடைசியில் நான்தான் இருவரையும் தேற்ற வேண்டியிருக்கும். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்த நல்ல வற்றம் வரும்வரை காத்திருந்தேன். "ஜோடி நிலைச்சுதான்னு பாத்துட்டு வா மாப்ளே" என்றேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பினான். இதில் ஒன்று எனக்கு இன்னும் புரியவில்லை. வீட்டுப் பின்னால் நின்றுவிட்டு வந்து கதை சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அத்தனை தூரம் சேற்றில் நடந்து தீவு வரை போய்த்தான் வந்திருக்கிறான். ஒரு பொய்க்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான்.

வேண்டியபடியே பனி இறங்கியது. பனியில் எல்லோரும் என்னைப் போலத்தான். ஒரே வித்தியாசம், எனக்குப் பழக்கம் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு துறையைத் தாண்டினேன், சுவரைத் தடவிக்கொண்டு மதகு வரை போனேன். மதகின் துருப்பிடித்த சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்புறம் ஊதினேன். எப்போதும் போல, விட்டு விட்டு.

முதலில் தூரத்தில் அவன் குரல்தான் கேட்டது. ஓடி வருகிறான் என்று மூச்சிலேயே தெரிந்தது. "மச்சான், வந்துருச்சு! இந்தத் தடவ நெஜமாவே வந்துருச்சு!" என்று கத்தினான். 'இந்தத் தடவை' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். அதுவரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு இல்லை.

"மச்சான், இடம் மாறி நிக்கிறீங்களா? சத்தம் வேற பக்கம் கேக்குதே" என்றான். நான் ஊதினேன். "சரி சரி, வர்றேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கால்கள் சேற்றில் புதைந்து புதைந்து எழும் சத்தம். பிறகு எழவில்லை. அப்போதுகூட, "மச்சான், அங்கேயே நில்லுங்க. எறங்கிடாதீங்க, இங்க சேறு ஆழம். யாரையாவது கூப்புடுங்க" என்றான். எனக்கு யோசனை சொல்லும் பழக்கத்தை அவன் கடைசிவரை விடவில்லை. அவன் குரல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஊதினேன். எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்ததும், "அவரு எங்கண்ணா?" என்று தங்கை கேட்டாள். பின்னாலேயே வருகிறான் என்றேன். காபி கொடுத்தாள், குடித்தேன்.

நீங்கள் வருவதற்கு முன்னால் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள். தீவுக்குப் படகில் போய்ப் பார்த்தார்களாம், ஒரு ஜோடி ஆலா உட்கார்ந்திருக்கிறதாம், பல வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறதாம். முதலில் பார்த்தது உங்கள் மாப்பிள்ளையாகத்தான் இருக்கும் சார் என்று சொல்லி ஒருத்தி விசும்பினாள். நான் தலையாட்டி வைத்தேன். இவர்கள் பேச்சை இனி நம்ப நான் என்ன சின்னக் குழந்தையா?

தங்கை இன்னும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் மேல தப்பில்லண்ணா, பனியில உனக்கு எப்படித் தெரியும்" என்று கையைத் தடவிக்கொடுக்கிறாள். அவள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்களாவது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விசிலுக்கு என்ன அர்த்தம்? நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். நான் மதகில் நின்றேன், மதகிலிருந்துதான் ஊதினேன். அவர்கள் எல்லோரும் எனக்குச் சொன்னார்களே, அந்த மாதிரி ஒரு பொய்யைக்கூட நான் அவனுக்குச் சொல்லவில்லை.